பெரிய மாடல் விமானம் அடங்க மறுத்தால்: அறிகுறியிலிருந்து கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பக்கம், முண்டகன் (இரண்டாம் போக) நெல் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயல்தான் எங்கள் ஓடுபாதை. நிலம் கேரளத்தைச் சேர்ந்தது. வயலின் சொந்தக்காரரிலிருந்து வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்வரை எல்லோருக்கும் வீட்டில் பேச்சு தமிழ். இங்கே நான் ரிமோட்டால் பறக்கவிடுவது பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் கால் அளவு மாதிரி. 1938 முதல் 1947 வரை அமெரிக்காவில் தயாரான அந்த அசல் விமானத்தின் இறக்கை 10.74 மீட்டர், என்னுடையது 2.69 மீட்டர். நீளம் 1.7 மீட்டர், எடை ஏழரைக் கிலோ, மூக்கில் 35 சிசி இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். பால்சா என்ற எடை குறைந்த மரத்தையும் பிளைவுட்டையும் அறுத்து, வீட்டுத் திண்ணையிலேயே செய்தேன்.

இந்த அளவு விமானம் செய்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் அறிகுறிகள்தான். இடப்பக்கம் இழுக்கிறது, த்ராட்டில் (இன்ஜினின் வேகம்) கூட்டினால் மூக்கைத் தூக்குகிறது, சர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) துடிக்கிறது. உடனே எல்லோருடைய கையும், மடல்களின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் ரிமோட்டின் டிரிம் பொத்தானுக்குப் போகிறது. நான்கு தட்டுத் தட்டினால் விமானம் நேராகப் போகும். கோளாறு மட்டும் அப்படியே உள்ளே இருக்கும். வேகம் மாறும்போதும் காற்று மாறும்போதும் அது வேறு உருவத்தில் வெளியே வரும். அதனால் எந்த அறிகுறிக்கும் காரணம் தேடும்போது நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் மரம், அடுத்து எடை, அடுத்து கோணம், பிறகு இன்ஜினும் மின்சாரமும், கடைசியாக ரிமோட். முதல் பறப்பில் விமானத்தைக் காப்பாற்ற டிரிம் தட்டலாம். தரையிறங்கியதும் எத்தனை தட்டு என்று எழுதி வைத்துக்கொண்டு, அதன் காரணத்தை மேசையில் தேட வேண்டும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைத் தூரத்துக்குள் பறக்கவிடும் 25 கிலோ வரையிலான மாடல் விமானங்களைத் தனி வகையாகக் குறிப்பிடுகின்றன. இவை மத்திய அரசின் விதிகள் என்பதால் வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். பறக்கவிட அனுமதி எங்கே உண்டு, எங்கே இல்லை என்று காட்டும் வண்ண மண்டலங்களில் உங்கள் வயல் எதில் இருக்கிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்த்த பிறகே களத்துக்குப் போங்கள். இன்னொன்று புரொப்பெல்லர். 20 அங்குலப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 7,000 சுற்றுச் சுற்றும்போது கண்ணுக்கு வெறும் நிழலாகத்தான் தெரியும். வாலை ஒரு முளையில் கட்டாமல் இன்ஜினை இயக்காதீர்கள். கார்புரேட்டரைத் திருகும்போது பின்னால் நின்று கையை நீட்டுங்கள், முன்னால் ஒருபோதும் நிற்காதீர்கள். புரொப்பெல்லர் சுற்றும் தளத்துக்கு நேர்ப் பக்கவாட்டில் எந்தப் பிள்ளையும் நிற்கக் கூடாது.

அறிகுறி: இறக்கையை மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடுகிறது

இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஜூனில் மழை பிடித்தால் எங்கள் பக்கம் மரம் எல்லாமே ஈரம் குடிக்கும். பால்சா மற்றவற்றைவிட வேகமாகக் குடிக்கும். ஈரமான பலகையில் செய்த இறக்கை மார்ச் வெயிலில் காயும்போது ஒட்டிய இடங்கள் ஒரு பக்கமாக இழுக்கும். இறக்கையைப் போர்த்தும், சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் பிலிமை ஒட்டும்போது மேல்பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டுக் கீழ்ப்பக்கத்துக்கு வருவதும் இதே விளைவைத் தரும்.

முறுக்கை எப்படி அளப்பது? விலை உயர்ந்த கோணமானி தேவையில்லை. பக்கத்து வீட்டு ஆசாரி மாமா எனக்குக் கற்றுக்கொடுத்தது கொத்தனார்களின் டியூப் மட்டம். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயின் இரு முனைகளையும் இரண்டு இறக்கை நுனிகளில் பிடித்தால், 2.7 மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூடத் தெரியும். முன்விளிம்புக்கு ஒருமுறை, பின்விளிம்புக்கு ஒருமுறை பாருங்கள். “வீட்டுக்கு மட்டம் பார்க்கிறது தரைக்காக, தம்பி. நீ இதை வானத்துக்காகப் பார்க்கிறாய். இன்னும் நுணுக்கமாகப் பார்,” என்றார். அன்று முதல் அவர் பார்த்துத் தலையசைக்காமல் எந்த இறக்கைக்கும் நான் பிலிம் ஒட்டியதில்லை.

இரண்டு நுனிகளிலும் பின்விளிம்பு ஒரே அளவு உயர்ந்திருந்தால் அது குற்றமில்லை, நல்லது. நுனியில் இரண்டு டிகிரி இப்படி வேண்டுமென்றே வைப்பது வழக்கம்; 40 சென்டிமீட்டர் அகல இறக்கையில் அது 14 மில்லிமீட்டர் உயர்வு. இடமும் வலமும் வேறுபடுவதுதான் கோளாறு. பிலிம் ஒட்டிய பிறகு கண்டுபிடித்தால், ஒருவர் இறக்கையை எதிர்ப்பக்கம் வேண்டியதைவிடச் சற்று அதிகமாக முறுக்கிப் பிடிக்க, மற்றவர் இரண்டு பக்கமும் இஸ்திரி வைத்து பிலிமைச் சுருக்க வேண்டும். ஆறும்வரை பிடியை விடக் கூடாது. ஒட்டும் முன்பே கண்டுபிடித்துவிட்டால் மரத்தை இலேசாக ஈரப்படுத்தி, எதிர்முறுக்கில் ஆணியும் பாரமும் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் மருந்து. நோயே வராமல் இருக்க, கட்டும் மேசை நேராக இருக்க வேண்டும். கதவுக் கடையில் கிடைக்கும் புதிய பிளஷ் டோர் ஒன்றை இரண்டு முக்காலிகள்மேல் வைத்து ரசமட்டம் பாருங்கள். அதைவிடச் சமமான மேசை எங்கள் ஊரில் எனக்குக் கிடைத்ததில்லை. மழைக்காலத்தில் பலகைகளை மின்விளக்கு எரியும் மூடிய பெட்டியில் வைத்திருங்கள்.

அறிகுறி: சமன் பார்க்கும்போது வால் கீழே போகிறது

இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வால் கனத்த விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டுவராதீர்கள். மூக்குக் கனமாக இருந்தால் விமானம் மந்தமாகப் பறந்து, வேகமாகத் தரையிறங்கும். உடைந்தாலும் சக்கரம்தான் உடையும். வால் கனமாக இருந்தால் புறப்பட்டதும் மூக்கைத் தூக்கும், தள்ளினால் குத்தும், நடுவில் நிற்காது.

இரண்டு விரலில் தூக்கிச் சமன் பார்ப்பதெல்லாம் சின்ன விமானத்துக்கு. ஏழரைக் கிலோவுக்கு மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு மூன்று வாங்கி வாருங்கள். இரண்டு முன்சக்கரத்தின் கீழும் ஒவ்வொன்று, வால்சக்கரத்தின் கீழ் ஒரு மேடை வைத்து அதன்மேல் ஒன்று. பெட்ரோல் டாங்க் காலியாக, விமானம் பறக்கும் நிலையில் மட்டமாக இருக்க வேண்டும். வால் தராசு காட்டும் எடையை, முன் அச்சுக்கும் வால்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுத்தால், முன் அச்சிலிருந்து எவ்வளவு பின்னால் சமநிலைப் புள்ளி இருக்கிறது என்று வரும். என் விமானத்தில் வால் தராசு 0.66 கிலோ, தூரம் 125 சென்டிமீட்டர், மொத்தம் 7.5 கிலோ. விடை 11 சென்டிமீட்டர். அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேர்கீழே இருப்பதால், 40 சென்டிமீட்டர் அகலத்தில் அது இருபத்தேழரைச் சதவீதம். இதுபோன்ற செவ்வக இறக்கைக்கு 25 முதல் 30 சதவீதத்துக்குள் தொடங்குவது பத்திரமானது.

வால் ஏன் கனக்கிறது? ஒவ்வொரு மூட்டிலும் வழிய விட்ட எபாக்சி, வலுவுக்காகச் சேர்த்த தடித்த பிளைவுட், வாலிலேயே பொருத்திய சர்வோக்கள், கடைசியாக ஆசையோடு அடித்த இரண்டாம் கோட் பெயின்ட். சமநிலைப் புள்ளியிலிருந்து வால் ஏறத்தாழ 110 சென்டிமீட்டர், மூக்கில் பாரம் வைக்கக்கூடிய இடம் 45 சென்டிமீட்டர். ஆக வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டரைக் கிராம் சேர்க்க வேண்டியிருக்கும். வாலில் 60 கிராம் தேவையில்லாமல் இருந்தால் மொத்த விமானமும் 210 கிராம் கூடிவிடும்.

என் முதல் வால் இப்படித்தான் ஆயிற்று. கணக்குப் போட்டால் மூக்கில் 400 கிராம் ஈயம் கேட்டது. ஒரு வாரம் யோசித்துவிட்டு வாலையே அறுத்து எடுத்து, குச்சிகளால் பின்னிய புதிய வால் செய்தேன். எலிவேட்டர் (மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் மடல்) சர்வோக்களைக் கேபினுக்குள் கொண்டுவந்து மெல்லிய எஃகுக் கம்பி இழுவையால் இணைத்தேன், பேட்டரிகளை இன்ஜின் சுவருக்குப் பின்னால் ஒட்டி வைத்தேன். ஈயமே தேவைப்படவில்லை. எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஏழரைக் கிலோவில் இந்த விமானம் மிதப்பை இழக்கும் வேகம் மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர். ஒன்பது கிலோவானால் 37 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். வேகம் கொஞ்சம்தான் கூடுகிறது என்று தோன்றும். ஆனால் தரையைத் தொடும்போது சட்டம் தாங்க வேண்டிய இயக்க ஆற்றல் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது.

பறந்த பிறகு சரிபார்க்க ஒரு சோதனை இருக்கிறது. நல்ல உயரத்தில் மட்டமாகப் பறக்கவிட்டு, த்ராட்டிலைக் குறைத்து 45 டிகிரி சரிவில் இறக்கிக் கைகளை எடுங்கள். சட்டென்று மூக்கைத் தூக்கினால் முன்பாரம் அதிகம். மெதுவாகத் தானே மீண்டால் சரி. இன்னும் ஆழமாகக் குத்த முயன்றால் பின்பாரம். உடனே மீட்டுத் தரையிறக்குங்கள்.

அறிகுறி: இன்ஜின் பிடிக்கவில்லை, பிடித்தாலும் த்ராட்டில் கூட்டினால் நிற்கிறது

பிடிக்கவே இல்லையென்றால் முதலில் தீப்பொறி. பிளக்கைக் கழற்றி மூடியோடு இணைத்து, உலோகத்தில் படும்படி வைத்து, கையுறை போட்டுப் புரொப்பெல்லரைச் சுழற்றுங்கள். நீலப் பொறி வர வேண்டும். வராவிட்டால் இக்னிஷன் பேட்டரி, அதன் சுவிட்ச், காந்தத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி என்ற வரிசையில் பாருங்கள். பொறி இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை.

இங்கே நம் பக்கத்து முக்கியக் காரணம் குழாய். மெத்தனால் கலவையில் ஓடும் நைட்ரோ இன்ஜினுக்குப் பயன்படும் சிலிகான் குழாயைப் பெட்ரோலுக்குப் போட்டால் ஊதிப் பருத்துக் கழன்றுவிடும். பெட்ரோலுக்கென்று விற்கும் மஞ்சள் குழாயும், டாங்கின் வாயில் பெட்ரோல் தாங்கும் ரப்பர் அடைப்பானும்தான் வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பறந்து முடித்தபின் டாங்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு விறைத்துவிடும். அந்தச் சவ்வுதான் பம்ப். அது விறைத்தால் இன்ஜின் ஒருநாள் பிடிக்கும், ஒருநாள் பிடிக்காது. ஒவ்வொரு நாளும் டாங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டர் காலியாகி இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். எண்ணெய்க் கலவை இன்ஜின் கையேடு சொல்வதுதான். 32-க்கு 1 என்றால் லிட்டருக்கு 31 மில்லி.

குறைந்த வேகத்தில் நன்றாக ஓடி, சட்டென்று த்ராட்டில் கொடுத்தால் திணறுகிறது என்றால், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் L, H என்ற இரண்டு திருகு ஊசிகளில் L என்று குறித்ததைப் பாருங்கள். இரண்டு ஊசியையும் ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்துத் தொடங்கலாம். தயங்கி நின்றால் பெட்ரோல் போதவில்லை, சிறிது திறக்க வேண்டும். புகையோடு கரகரத்தால் அதிகம், சிறிது மூட வேண்டும். ஒருமுறைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். அதன்பின் முழு த்ராட்டிலில் H ஊசியை மூடிக்கொண்டே வந்து, சுற்று உச்சத்தை அடைந்ததும் 200, 300 சுற்றுக் குறையும் அளவு திரும்பத் திறந்துவிடுங்கள். உச்சத்திலேயே விட்டால் மேலே போய்ச் சூடேறி நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய பெட்ரோலைவிடச் சற்று அதிகமான திறப்பைக் கேட்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

தரையில் அருமையாக ஓடுகிறது, மேலே போனதும் மாறுகிறது என்று இரண்டு பேர் என்னிடம் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் ஊசியில் குறையில்லை. சவ்வின் மூடியில் ஊசிமுனை அளவு ஒரு காற்றுத் துளை இருக்கும். மூக்கு மூடிக்குள் புகும் எதிர்க்காற்று நேராக அந்தத் துளையில் அடித்தால் சவ்வின்மீது அழுத்தம் மாறி, கலவையும் மாறிவிடும். துளைமேல் சிறு பித்தளைக் குழாய் பற்றவைத்து, அதிலிருந்து பெட்ரோல் குழாய்த் துண்டு ஒன்றைக் காற்றடிக்காத உடற்பகுதிக்குள் விட்டோம். அன்றே தீர்ந்தது.

அறிகுறி: சர்வோ துடிக்கிறது

ஒரே கேள்வி: இன்ஜின் ஓடும்போது மட்டுமா, எப்போதுமா? ஓடும்போது மட்டும் என்றால் இக்னிஷன் குற்றவாளி. இக்னிஷன் பெட்டி, அதன் பேட்டரி, வயர் எல்லாம், ரிமோட்டின் அலையை வாங்கும் ரிசீவரிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பிளக் மூடி தளர்ந்து, உலோகப் பின்னல் உறை சரியாகப் பிடிக்காமல் இருந்தாலும் மின்குறுக்கீடு கிளம்பும். ஒரே பேட்டரியில் இக்னிஷனையும் ரிசீவரையும் இணைக்காதீர்கள்.

எப்போதும் ஒரே சர்வோ துடித்தால் அந்தச் சர்வோவின் உள்ளே தேய்மானம், மாற்றிவிடுங்கள். எல்லாம் சேர்ந்து மந்தமாகின்றன என்றால் மின்னழுத்தம் விழுகிறது. பெரிய சர்வோ ஒன்று முழுப் பளுவில் இரண்டு மூன்று ஆம்பியர் இழுக்கும். ஐந்து சர்வோவும் சேர்ந்து இழுக்கும்போது மெல்லிய வயரும் மலிவான சுவிட்சும் தாங்காது. மீட்டரை ரிசீவரில் வைத்து, ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். எண் பெரிதாகச் சரிந்தால் வயரைத் தடிப்பாக மாற்றுங்கள். இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச் என்பது இந்த அளவு விமானத்தில் ஆடம்பரமில்லை.

ஆன்டெனாக் கம்பிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் குழாயை விட்டு விலகி இருக்க வேண்டும். கார்பன் அலையை மறைக்கும். ரிமோட்டின் தூரச் சோதனையை முப்பது தப்படியில், இன்ஜின் ஓடும்போதும் செய்யுங்கள். பிறகு வாலைக் கட்டியபடியே ரிமோட்டை அணையுங்கள். இன்ஜின் தானாகக் குறைந்த வேகத்துக்கு வர வேண்டும். வராத விமானம் பறக்கத் தகுதியற்றது.

அறிகுறி: ஓடும்போது இடப்பக்கம் இழுக்கிறது

புரொப்பெல்லர் சுற்றும் திசையால் வருவது இது; வால்சக்கர விமானங்கள் எல்லாம் கொஞ்சம் செய்யும். அளவு மீறினால் முன்சக்கரங்கள் இணையாக இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். சரியென்றால் உங்கள் கைதான் அவசரப்படுகிறது. த்ராட்டிலை மூன்று நொடியில் ஏற்றுங்கள், ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் செங்குத்து வால் மடல்) காற்றைப் பிடிக்கும்வரை எலிவேட்டரை இழுத்து வால்சக்கரத்தை நிலத்தில் அழுத்தி வையுங்கள். எங்கள் வயலில் நெல் தாள் சக்கரத்தைப் பிடிக்கும் என்பதால் 12 சென்டிமீட்டர் சக்கரம் போட்டிருக்கிறேன், ஓடுபாதையை முதல்நாள் மாலை மண்வெட்டியால் செதுக்கிவிடுகிறோம்.

அறிகுறி: மேலே போன பிறகு நேராக இல்லை

த்ராட்டிலைக் கூட்டும்போது மட்டும் இடப்பக்கமோ மேல்பக்கமோ போகிறது, குறைத்தால் நேராகிறது என்றால் இன்ஜின் கோணம். வலப்பக்கம் இரண்டு டிகிரி, கீழ்ப்பக்கம் ஒன்றிரண்டு டிகிரி மூக்கைத் திருப்ப வேண்டும். போல்ட்டுகளின் இடைவெளி 60 மில்லிமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர் வாஷர் ஒரு டிகிரி தரும். கீழ்நோக்க மேல் போல்ட்டுகளிலும், வலப்பக்கம் திருப்ப இடப்பக்கப் போல்ட்டுகளிலும் இன்ஜின் தாங்கிக்குப் பின்னால் வாஷர் போடுங்கள். எலிவேட்டர் டிரிம்மால் இதை மறைத்தவர்கள், தரையிறங்க த்ராட்டிலைக் குறைக்கும் அந்த நேரத்தில்தான் விலை கொடுப்பார்கள். விமானம் அவர்கள் எதிர்பாராத வகையில் மூக்கைக் கவிழ்க்கும்.

த்ராட்டில் எப்படி இருந்தாலும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள், இறக்கை முறுக்கியிருக்கிறது. அல்லது ஓர் இறக்கை கனம். விமானத்தை மூக்கிலும் வாலிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் தெரியும்.

எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் இருந்து விமானத்தைச் சாய்க்கும் மடல்) கொடுத்தால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கிறது என்பது கப் விமானத்தில் நன்றாகத் தெரியும் குணம். நீண்ட இறக்கையில் கீழே இறங்கும் எய்லரான் அதிக இழுவையை உண்டாக்குகிறது. மேலே போகும் அளவில் பாதி மட்டும் கீழே இறங்கும்படி சர்வோ கையின் கோணத்தை அமையுங்கள். மீதியை ரட்டரால் நீங்கள் செய்ய வேண்டும். ரட்டர் கொடுக்கக் கற்ற கைதான் இந்த விமானத்தை அழகாக ஓட்டும்.

அறிகுறி: வேகமெடுக்கும்போது ஒரு ரீங்காரம்

இதை நான் கடைசியில் எழுதலாம் என்று நினைத்தேன், ஆனால் விமானங்களை உண்மையில் உடைப்பது இதுதான். சென்ற பிப்ரவரியில் ஒரு காலை, நான் தாழ்வாக வேகமாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். வரப்பில் நின்ற அக்காள் மகன் கத்தினான்: “மாமா, இன்ஜின் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்கிறது!” எனக்குக் கேட்கவில்லை. அவன் காதை நம்பி உடனே த்ராட்டிலைக் குறைத்து, மூக்கை மெல்லத் தூக்கி வேகத்தை இழக்கவிட்டு, நேராக இறக்கினேன். வலது எய்லரானின் இரண்டு கீல்கள் பிய்ந்து, மூன்றாவது ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நொடி போயிருந்தால் எய்லரான் கழன்றிருக்கும்.

காற்று வேகத்தில் எய்லரானோ எலிவேட்டரோ கொடிபோல் படபடக்கத் தொடங்கினால் ஒரு வீச்சு அடுத்ததை வளர்க்கும். கண நேரத்தில் கீலையும் சர்வோ பற்சக்கரத்தையும் தின்றுவிடும். காரணங்கள் நான்குதான்: இணைப்பில் தளர்ச்சி, கீலில் இடைவெளி, வளையும் தள்ளுகம்பி, பின்விளிம்பில் கனம். சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு எய்லரானின் பின்விளிம்பை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பறக்காதீர்கள். கீல் இடைவெளியைக் கீழ்ப்பக்கத்தில் பிலிம் ஒட்டி அடையுங்கள். தள்ளுகம்பி நீளமாக இருந்தால் கார்பன் குழாய்க்கு மாற்றுங்கள்.

இதில் ரிமோட் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. அசைவு அதிகமாக இருக்கிறது என்று ரிமோட்டில் நூறு சதவீதத்தை ஐம்பதாகக் குறைக்கிறார்கள். அப்போது சர்வோ தன் சுழற்சியில் பாதியைத்தான் பயன்படுத்துகிறது. அதன் பிடியும் துல்லியமும் பாதியாகிவிடுகின்றன, பற்சக்கரத் தளர்ச்சி மட்டும் முழுதாகப் பின்விளிம்புக்கு வந்து சேருகிறது. ரிமோட்டை நூறிலேயே வைத்துவிட்டு, கம்பியைச் சர்வோ கையில் உள்பக்கத் துளைக்கும், கம்பி வந்து இணையும் எய்லரான் கொம்பில் வெளிப்பக்கத் துளைக்கும் மாற்றுங்கள். அசைவு குறையும், பிடி இரட்டிக்கும். அந்தப் பிப்ரவரிக் காலையின் காரணம் என் எய்லரானில் இதுவேதான்.

படபடத்த விமானத்தின் கீல்கள், சர்வோ பற்சக்கரங்கள் எல்லாவற்றையும், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், மாற்றிய பிறகே மீண்டும் எடுங்கள்.

அறிகுறி: காலையில் அடங்கிய விமானம் பத்து மணிக்கு மேல் அடங்கவில்லை

மேசையில் தேடாதீர்கள். இது பாலக்காட்டுக் கணவாய். சுமார் முப்பது கிலோமீட்டர் அகல வாசல் வழியாக ஜூன் முதல் செப்டம்பர்வரை மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று நெருக்கிக்கொண்டு வருகிறது. காற்றாலைகள் இந்தப் பக்கம் வந்ததே இதனால்தான். ஆறரை மணி முதல் எட்டரைவரை வயல் அமைதியாக இருக்கும். அதற்குமேல் சூடேறிய மண்ணிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று எழும்.

தரையிறங்கும்போது தென்னந்தோப்பைக் கடந்ததும் திடீரென்று அமுங்குவதும் இந்த வகைதான். இருபது மீட்டர் தென்னை வரிசைக்குக் காற்று போகும் பக்கத்தில் இருநூறு மீட்டர்வரை சுழல் இருக்கும். ஓடுபாதையை அதற்கு அப்பால் தள்ளிப் போடுங்கள். காற்றுள்ள நாளில் இறங்குமுகத்தில் கொஞ்சம் த்ராட்டிலைத் தொட்டுக்கொண்டே வாருங்கள், மெதுவாக வரும்போது எய்லரானைவிட ரட்டரால் இறக்கையைத் தூக்குங்கள். மெதுவாகும்போது எப்போதும் ஒரே இறக்கை சரிந்தால் மட்டும் அது காற்றின் வேலையில்லை, நுனி முறுக்கு.

அறிகுறி: தரையைத் தொட்டதும் துள்ளுகிறது

வேகம் அதிகம், அல்லது எலிவேட்டரைச் சீக்கிரம் இழுத்துவிட்டீர்கள். துள்ளிய பிறகு குச்சியைத் தள்ளினால் அடுத்த துள்ளல் புரொப்பெல்லரில் முடியும். இறக்கைகளை மட்டமாக வைத்து, த்ராட்டில் கொடுத்து, மறுபடி சுற்றி வாருங்கள்.

அறிகுறி: பிலிம் சுருங்கிக் கிடக்கிறது

கார் கண்ணாடிக்குள் வெயிலில் விட்டிருப்பீர்கள். இஸ்திரியைக் குறைந்த சூட்டில் ஓட்டினால் இறுகும். முடித்ததும் டியூப் மட்டத்தை மறுபடி பிடித்துப் பாருங்கள், பிலிம் இறுகும்போது இறக்கையையும் முறுக்கியிருக்கலாம். மே கடைசியில் நான் இறக்கைகளை உடலிலிருந்து பிரித்து, முன்விளிம்பு கீழே இருக்கும்படி துணித் தூளிகளில் உத்தரத்திலிருந்து தொங்கவிடுகிறேன். சுவரில் சாய்த்து வைத்தால் ஈரத்தில் வளைந்துவிடும். டாங்க் காலி, பேட்டரிகள் வெளியே, பிளக் துளையில் நான்கு சொட்டு எண்ணெய். செப்டம்பரில் எடுக்கும்போது முதலில் கையில் எடுப்பது ஆசாரி மாமாவின் தண்ணீர்க் குழாய்.